பழைய தொட்டி மண்ணைப் புதுப்பித்து மீண்டும் பயன்படுத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

காய்த்து ஓய்ந்த செடியைப் பிடுங்கிய பிறகு தொட்டியில் எஞ்சும் மண்ணைச் சத்து தீர்ந்த சக்கை என்று கொட்டிவிடுவோர் பலர். அதே மண்ணின் மேல் இரண்டு கைப்பிடி உரத்தைத் தூவி, அடுத்த விதையை ஊன்றிவிடுவோரும் பலர். மண்ணுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்காமல் எடுக்கும் முடிவுகள் இவை. பழைய தொட்டி மண் பெரும்பாலும் மீட்கத்தக்கதே; ஆனால் அதற்கு முதலில் இல்லாமல் போவது உணவு என்று நினைப்பது பிழை. முதலில் குறைவது காற்று, அடுத்துச் சேர்வது உப்பு, சில வேளைகளில் ஒளிந்திருப்பது நோய். உரம் இவற்றுக்கெல்லாம் பிறகுதான் வர வேண்டும். இந்த வழிகாட்டியில் உள்ள படிகள் அனைத்தும் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன. வரிசை மாறினால் செய்த வேலையில் பாதி வீணாகும் என்பதால் அதை மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தொட்டிக்குள் மண் ஏன் முதுமை அடைகிறது

கோகோபீட் என்னும் தேங்காய் நார்த்தூள், மட்கிய இலை, மரப்பட்டைத் தூள், மட்கு உரம் ஆகியவை சேர்ந்த கலவை புதிதாக இருக்கும்போது அதன் துகள்கள் பல அளவுகளில் இருக்கும். பெரிய துகள்களுக்கு இடையே காற்றும், சிறிய துகள்களின் மேற்பரப்பில் நீரும் தங்கும். நுண்ணுயிர்கள் அந்தக் கரிமப் பொருளைத் தொடர்ந்து தின்பதால் மாதங்கள் செல்லச் செல்லப் பெரிய துகள்கள் சிறியனவாகின்றன. ஒவ்வொரு முறை நீர் ஊற்றும்போதும் நுண்துகள்கள் கீழே இறங்கிப் படிகின்றன. தொட்டியின் விளிம்புக்குக் கீழே மண்மட்டம் விரற்கடை விரற்கடையாகத் தாழ்கிறது. அந்தத் தாழ்வில் போனது பெரும்பாலும் காற்றுக்குரிய இடமே.

தரையில் இதே மண் இவ்வளவு தொல்லை தராது. தொட்டியில் தருவதற்குக் காரணம், தொட்டியின் அடியில் நீர் முழுவதும் வடிவதில்லை என்பதுதான். நனைந்த பஞ்சை உயர்த்திப் பிடித்தால் சொட்டுவது நின்ற பிறகும் அதன் அடிப்பகுதி ஊறியே இருப்பதுபோல, நுண்துளைகளின் இழுவிசை தொட்டியின் அடியில் ஓர் ஈர அடுக்கைத் தாங்கி நிற்கிறது. துகள்கள் நுண்மையாக நுண்மையாக அந்த அடுக்கின் உயரம் கூடும். புதுக் கலவையில் அடியில் மட்டும் இருந்த ஈரம், பழைய கலவையில் வேர்கள் பரவும் பகுதியின் பாதியை எட்டிவிடலாம். வேர்கள் மூச்சுத் திணறுகின்றன, இலைகள் மஞ்சளாகின்றன. அதைச் சத்துக் குறை என்று எண்ணி உரம் வைக்கிறோம். உறிஞ்ச முடியாத வேரின் அருகில் அது உப்பாகத் தேங்குகிறது.

தொட்டியின் அடியில் சரளைக் கற்களைப் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்ற பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகள் உள்ள சரளைக்குள் நீர் எளிதில் இறங்காது. ஆகவே ஈர அடுக்கு சரளையின் மேல் ஏறி நிற்கும். வேருக்கான இடம் இன்னும் குறையும். புதுப்பித்த மண்ணை நிரப்பும்போது துளையை வலைத்துண்டால் மறைத்தால் போதும்.

படி 1: எந்த மண்ணை மீட்கலாம் என்று முடிவு செய்தல்

செடியை வெட்டி எறியாமல் வேரோடு மெதுவாகப் பிடுங்கிக் கழுவிப் பாருங்கள். மண்ணின் வரலாறு வேரில் எழுதப்பட்டிருக்கும். வெண்மையாகவும் உறுதியாகவும் உள்ள வேர்கள் நல்ல அறிகுறி. பழுப்பாகி, இழுத்தால் தோல் கழன்று நடுநரம்பு மட்டும் கையில் வந்தால் அது வேர் அழுகல். வேரின் தசையே ஆங்காங்கே புடைத்து மணி மணியாகத் தெரிந்தால் அது வேருக்குள் வாழும் கண்ணுக்குத் தெரியாத நுண்புழுவான வேர்முடிச்சு நூற்புழு. பயறு, அவரை வகைச் செடிகளின் வேரில் இயல்பாக இருக்கும் முடிச்சுகளை இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. நன்மை செய்யும் முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், விரலால் தேய்த்தால் உதிரும், நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழுவின் வீக்கம் வேரோடு ஒன்றியது, உதிராது. வேரில் வெள்ளைப் பஞ்சுபோல ஒட்டியிருப்பது வேர் மாவுப்பூச்சியாக இருக்கலாம்.

தக்காளி, கத்தரி, மிளகாய் போன்ற செடிகள் இலை மஞ்சளாகாமலே ஓரிரு நாளில் வாடிச் சாய்ந்திருந்தால், அடித்தண்டை நறுக்கி ஒரு கண்ணாடிக் குவளை நீரில் அசைக்காமல் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெட்டுப்பகுதியிலிருந்து பால்போன்ற இழை நீரில் இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். அந்த மண்ணை மீட்க முயல வேண்டாம். தக்காளிக் குடும்பச் செடியில் தேமல் வைரஸ் கடுமையாக இருந்த மண்ணும் அப்படியே. புகையிலைத் தேமல் வைரஸ் மட்காத வேர்த்துண்டுகளில் நீண்ட காலம் தங்கக்கூடியது, அதைச் செயலிழக்கச் செய்ய ஏறத்தாழ 90 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் தேவை. பியூசேரியம் வாடல் பூஞ்சையின் உறங்கு வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிர்வாழும் என்பதால், வீட்டில் வெப்பமூட்டல் செய்தாலும் அதே குடும்பச் செடிக்கு அந்த மண்ணை மீண்டும் தராமல் இருப்பதே அறிவுடைமை.

நோயற்ற மண், சந்தேகத்துக்குரிய மண், விலக்க வேண்டிய மண் என்று மூன்று குவியல்களாகப் பிரியுங்கள். எல்லாத் தொட்டிகளின் மண்ணையும் ஒரே குவியலாகக் கொட்டிக் கிளறுவதுதான் இந்த வேலையில் நிகழும் மிகப் பெரிய கேடு; ஒரு தொட்டியின் நூற்புழு அந்த ஒரே கிளறலில் எல்லாத் தொட்டிகளுக்கும் போய்ச் சேரும். விலக்கிய மண்ணைத் தோட்டத் தரையில் கொட்டாமல் மூட்டையாகக் கட்டி அகற்றுங்கள். கைக்கொத்தையும் கையுறையையும் கழுவிவிட்டு அடுத்த குவியலைத் தொடுங்கள்.

படி 2: உடைத்தல், உலர்த்துதல், சலித்தல்

வேலையைத் தொடங்கும் முன் மண்ணை இலேசாக நனைத்துக்கொண்டு, கையுறையும் முகக்கவசமும் அணியுங்கள். தொட்டிக் கலவைகளில் லெஜியோனெல்லா லாங்பீச்சே என்ற பாக்டீரியா இருக்கக்கூடும்; தூசியோடு நுரையீரலுக்குள் சென்றால் நிமோனியாவை உண்டாக்கும். புழுதி பறக்காத அளவு ஈரமே சிறந்த காப்பு.

கட்டிகளைக் கையால் உடைத்து, தடித்த வேர்களையும் பழைய தண்டுகளையும் பொறுக்கி எடுங்கள். நூல்போன்ற மெல்லிய வேர்கள் நோயற்ற மண்ணில் தங்கலாம். அவை மட்கும்போது விட்டுச்செல்லும் வழிகள் காற்றுக்கு உதவும். பிறகு தார்ப்பாயில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி நிழலில் ஓரளவு உலரவிட்டு, 8 முதல் 10 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலியுங்கள். மேலே நிற்பதில் கல், பெர்லைட் (பொரித்த எரிமலைப் பாறையின் வெண்ணிற இலேசான துகள்), மரப்பட்டைத் துண்டு ஆகியவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

முற்றிலும் காய்ந்துபோன கோகோபீட்டும் பீட் பாசியும் நீரை விலக்கத் தொடங்கும். ஊற்றிய நீர் ஓரமாக வழிந்து கீழே ஓடினால், வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துக் கிளறி ஒரு நாள் மூடிவைத்தால் மண் மீண்டும் நீரை ஏற்கும்.

படி 3: காற்றிடைவெளியை அளத்தல்

இந்தப் படியைப் பெரும்பாலோர் செய்வதில்லை. எனக்கோ, மற்ற எல்லாவற்றையும் விட இதுவே முதன்மையானதாகத் தோன்றுகிறது. ஏனென்றால் என்ன சேர்ப்பது, எவ்வளவு சேர்ப்பது என்ற கேள்விகளுக்கு ஊகத்தால் அன்றி அளவால் பதில் தருவது இது ஒன்றுதான்.

நீங்கள் செடி வைக்கப்போகும் தொட்டியின் உயரமே உள்ள ஒரு கலனை எடுத்து, அடித்துளைகளை நாடா ஒட்டி அடையுங்கள். மண் நிற்கப்போகும் அளவுக்கு நீர் ஊற்றி, அது எத்தனை மில்லிலிட்டர் என்று அளந்து குறித்துக்கொண்டு நீரைக் கொட்டிவிடுங்கள். இப்போது அதே அளவுக்கு ஈரமான மண்ணை நிரப்பி, கலனைத் தரையில் இருமுறை இலேசாகத் தட்டுங்கள், அழுத்தக் கூடாது. மண்ணின் மேற்பரப்பு பளபளக்கும் வரை ஓரமாக மெல்ல நீர் ஊற்றுங்கள். சில மணி நேரம் விட்டு, நீர்மட்டம் இறங்கியிருந்தால் மீண்டும் நிரப்புங்கள். பிறகு கலனை ஒரு வாளியின் மேல் பிடித்து நாடாவை நீக்கி, சொட்டுவது நிற்கும்வரை வடியும் நீரைச் சேகரித்து அளந்து பாருங்கள். வடிந்த நீரின் இடத்தில் இப்போது காற்று புகுந்திருக்கிறது. ஆகவே வடிந்த அளவை மண்ணின் மொத்த அளவால் வகுத்து 100ஆல் பெருக்கினால் காற்றிடைவெளியின் விழுக்காடு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 3,000 மில்லிலிட்டர் மண்ணிலிருந்து 210 மில்லிலிட்டர் வடிந்தால் அது 7 விழுக்காடு.

பெரும்பாலான தொட்டிச் செடிகளுக்கு 10 முதல் 20 விழுக்காடு வேண்டும். 10க்குக் கீழே இருந்தால் கட்டமைப்பைச் சரிசெய்யாமல் நடக் கூடாது. கலன் குட்டையாக இருந்தால் அதே மண்ணே குறைந்த விழுக்காட்டைக் காட்டும், ஏனெனில் ஈர அடுக்கின் உயரம் மாறுவதில்லை. தொட்டியின் உயரத்துக்கு ஒத்த கலன் வேண்டும் என்று சொன்னது அதனால்தான். ஆழமான தொட்டியில் நன்றாக இருந்த பழைய மண்ணை ஆழம் குறைந்த தட்டில் கீரை விதைக்க எடுப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

படி 4: உப்பைக் கழுவுதல்

தொட்டியின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளைப் படிவு, இலை நுனியில் கருகல், விதை முளைத்தும் வளராத நாற்று ஆகியவை உப்புத் தேக்கத்தின் அடையாளங்கள். உரத்தில் செடி எடுக்காமல் விட்டதும், கடினநீரில் கரைந்து வந்ததும் நீர் ஆவியான பின் மண்ணிலேயே தங்கிவிடுகின்றன. கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மானி இருந்தால் ஒரு பங்கு மண்ணுடன் இரண்டு பங்கு காய்ச்சி வடித்த நீரைக் கலந்து அரைமணி நேரம் கழித்து அளக்கலாம். இம்முறையில் சென்டிமீட்டருக்கு 0.75 மில்லிசீமன்சுக்குக் கீழே இருந்தால் நாற்றுகளுக்கும் ஏற்றது, 1.25 வரை பெரும்பாலான வளர்ந்த செடிகளுக்கு நல்லது, 1.75ஐத் தாண்டினால் கழுவாமல் பயன்படுத்த வேண்டாம்.

கழுவுவதற்கு மண்ணைத் துளையுள்ள தொட்டியிலோ சாக்கிலோ இட்டு, மண்ணின் கொள்ளளவைப் போல இரு மடங்கு நீரை மூன்று நான்கு தவணைகளாக, ஒவ்வொன்றும் வடிந்த பின் அடுத்தது என்ற முறையில் ஊற்றுங்கள். 10 லிட்டர் மண்ணுக்கு 20 லிட்டர் நீர். ஒரே வீச்சில் ஊற்றினால் நீர் தன் வழியே ஓடிவிடும், உப்பு கரைய நேரம் இராது. மழைநீர் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. இந்தக் கழுவலில் எஞ்சியிருந்த நைட்ரேட்டும் ஓரளவு பொட்டாசியமும் சேர்ந்தே வெளியேறும். உரத்தை இதற்கு முன் சேர்க்கக் கூடாது என்பதன் காரணம் இதுவே. வெள்ளைப் படிவே இல்லாத, மழையில் நின்ற தொட்டி மண்ணுக்கு இந்தப் படி தேவையில்லை.

படி 5: சந்தேகத்துக்குரிய மண்ணை வெப்பமூட்டல்

நோயற்ற குவியலுக்கு வெப்பம் வேண்டாம். அதிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை நாமே அழிப்பதாகும். நூற்புழு, வேர் அழுகல், நாற்றழுகல், களைவிதை ஆகியவற்றில் ஏதேனும் இருந்த மண்ணுக்கு மட்டும் சூரிய வெப்பமூட்டலைச் செய்யுங்கள். 1976இல் இஸ்ரேலிய ஆய்வாளர் யாக்கோவ் கட்டானும் அவருடன் பணியாற்றியவர்களும், ஈரமண்ணைப் பாலித்தீன் தாளால் மூடி வெயிலிலேயே மண்நோய்களைக் கட்டுப்படுத்தலாம் என்று ஆய்விதழில் வெளியிட்ட பிறகு இம்முறை உலகெங்கும் பரவியது.

வயலில் வெப்பம் ஆழமாக இறங்க வேண்டியிருப்பதால் 4 முதல் 6 வாரங்கள் ஆகும். தொட்டி மண்ணின் அளவு குறைவு என்பதால் நமக்கு இது எளிது. கழுவி வடிந்த ஈரமண்ணை நிறமற்ற பாலித்தீன் பைகளில் 15 சென்டிமீட்டருக்கு மிகாத கனத்தில் நிரப்பி, தரையிலிருந்து சற்று உயர்ந்த மேடையில் கடும் வெயிலில் வையுங்கள். அதன் மேல் சிறு இடைவெளி விட்டு இன்னொரு நிறமற்ற தாளை விரித்தால் இடையில் உள்ள காற்று வெப்பத்தைத் தேக்கும். ஈரம் கட்டாயம், உலர்ந்த மண்ணில் வெப்பம் பரவாது, உலர்ந்த நிலையில் உள்ள வித்துகளும் எளிதில் சாவதில்லை. மண்ணின் நடுவே வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். நடுப்பகுதி 70 டிகிரியில் 30 நிமிடமோ, 60 டிகிரியில் 1 மணி நேரமோ நின்றால் போதுமானது. அந்த வெப்பம் எட்டாத பருவத்தில், பையை இடையிடையே புரட்டியபடி 4 முதல் 6 வாரங்கள் வெயிலில் விடலாம்.

அடுப்பில் வறுப்பதையும் மைக்ரோவேவில் சூடாக்குவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சூடு சீராகப் பரவாமல் ஒரு பகுதி 82 டிகிரியைத் தாண்டும்போது கரையும் மாங்கனீசும் அம்மோனியமும் நச்சளவுக்கு உயர்கின்றன, நல்ல உயிர்கள் ஒட்டுமொத்தமாக அழிகின்றன. அந்த வெற்றிடத்தில் முதலில் குடியேறுவது பெரும்பாலும் நோய்ப்பூஞ்சையே. தாவர நோயியலாளர் கென்னத் பேக்கர், காற்றுக் கலந்த நீராவியால் 60 டிகிரியில் 30 நிமிடம் மட்டும் சூடாக்கும் முறையை வலியுறுத்தியதன் காரணமும் இதுதான்: நோய் சாக வேண்டும், மண் சாகக் கூடாது.

படி 6: கட்டமைப்பை மீட்டல்

காற்றிடைவெளி குறைந்த மண்ணில் பருவெட்டான பொருளைக் கொஞ்சம் கலந்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். கொஞ்சம் என்பதில்தான் சிக்கல். நுண்மண்ணில் பெரிய துகள்கள் சிலவே இருந்தால், அவற்றைச் சுற்றியுள்ள இடமெல்லாம் நுண்மண்ணால் நிரம்பிவிடும். பெரிய துகள்கள் ஒன்றையொன்று தொடும் அளவுக்குச் சேர்ந்த பிறகே அவற்றிடையே காற்றுக்கு வழி பிறக்கும். எனவே சேர்ப்பதற்கு முன் நீக்குவதே பயனுள்ளது. மண்ணை இலேசாக உலர்த்தி, 1 மில்லிமீட்டர் கண்ணுள்ள மெல்லிய சல்லடையில் ஒரு பங்கைச் சலித்து, கீழே விழும் பொடியை ஒதுக்கிவிடுங்கள். அந்தப் பொடி வீணல்ல. நோயற்ற மண்ணின் பொடியைத் தரைப்பாத்தியிலோ மட்குக் குழியிலோ இடலாம்.

மேலே நின்ற மண்ணுடன் 3 முதல் 6 மில்லிமீட்டர் அளவுள்ள பெர்லைட், பியூமிஸ் கல், தேங்காய் மட்டைத் துண்டு, செங்கல் சில்லு ஆகியவற்றில் கிடைப்பதைக் கலந்து, மூன்றாம் படியின் சோதனையை மீண்டும் செய்யுங்கள். 10 லிட்டர் மண்ணுக்கு 2 லிட்டரில் தொடங்கி, 10 விழுக்காட்டை நன்கு தாண்டும்வரை கூட்டலாம். மெல்லிய மணலைச் சேர்க்க வேண்டாம். அது இருக்கும் துளைகளையும் அடைக்கும். மரத்தூளையும் தவிர்க்கலாம், அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தமக்கு எடுத்துக்கொண்டு செடியைப் பட்டினி போடும். புதிய கோகோபீட்டைச் சேர்ப்பதானால் நன்கு கழுவிச் சேர்க்க வேண்டும், ஏனெனில் அதில் சோடியமும் பொட்டாசியமும் இயல்பாகவே மிகுதி.

படி 7: உணவு

இப்போதுதான் உரத்தின் முறை. பழைய மண்ணில் மிகுதியாகக் குறைந்திருப்பது தழைச்சத்து. காய்க்கும் செடி வளர்ந்திருந்தால் சாம்பல்சத்தும் குறைந்திருக்கும். மணிச்சத்து பெரும்பாலும் ஓரளவு எஞ்சியிருக்கும். ஆண்டுதோறும் மட்கு உரம் இட்டுவந்த மண்ணில் மணிச்சத்து தேங்கி இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றைச் செடி எடுப்பதைத் தடுக்கவும் கூடும். ஆகவே ஒவ்வொரு பருவத்திலும் எலும்புத் தூளைக் கட்டாயமாகச் சேர்க்கும் பழக்கத்தை விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

10 லிட்டர் மண்ணுக்கு நன்கு மட்கிய உரமோ மண்புழு உரமோ 2 முதல் 3 லிட்டர் போதும். மொத்தக் கலவையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் ஈரம் மிகுந்து காற்று குறையும். தொழு உரமானால் கழுவிய உப்பு மீண்டும் ஏறும். அதனுடன் வேப்பம் புண்ணாக்கு 30 முதல் 50 கிராம் சேர்க்கலாம். அது மெல்ல மெல்லத் தழைச்சத்தைத் தருவதோடு நூற்புழுவின் பெருக்கத்தையும் தணிக்கும். வெப்பமூட்டிய மண்ணுக்கு இந்த மட்கு உரத்தோடு டிரைக்கோடெர்மா பூஞ்சையைக் கலந்து தருவது மிகவும் நல்லது. காலியான இடத்தை நல்ல பூஞ்சை முதலில் பிடித்துக்கொள்ளும். அதே நேரத்தில் பூஞ்சைக்கொல்லி மருந்தைப் பயன்படுத்தினால் டிரைக்கோடெர்மாவும் அழியும்.

மண்ணின் அமில காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 5.8க்கும் 6.8க்கும் இடையே இருந்தால் எதுவும் செய்ய வேண்டாம். அதற்குக் கீழே இருந்தால் டோலமைட் சுண்ணாம்புத் தூளைச் சிறு அளவில் சேர்த்து இரண்டு வாரம் கழித்து மறுபடி அளக்கவும். கடினநீரால் 7.5க்கு மேல் ஏறியிருந்தால் கந்தகத் தூள் உதவும், ஆனால் அது பாக்டீரியாக்களின் வழியாகச் செயல்படுவதால் வாரங்கள் ஆகும். அளக்காமல் சாம்பலைத் தூவுவது, ஏற்கெனவே காரமாக உள்ள மண்ணை இன்னும் கெடுக்கும்.

படி 8: ஊறவிடுதல், விதைத்துச் சோதித்தல்

கலந்த மண்ணைக் கையில் பிடித்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், நீர் சொட்டக் கூடாது. அந்த ஈரத்தில் நிழலில் மூடிவைத்து வாரம் ஒருமுறை கிளறி, 2 முதல் 3 வாரங்கள் விடுங்கள். புண்ணாக்கு மட்கும்போது எழும் சூடும் அம்மோனியாவும் அடங்க இந்தக் காலம் தேவை. மூக்கைக் குத்தும் நெடி இருக்கும்வரை நட வேண்டாம்.

பிறகு ஒரு சிறு தொட்டியில் இந்த மண்ணையும் இன்னொன்றில் நம்பகமான புதுக் கலவையையும் நிரப்பி, இரண்டிலும் முள்ளங்கியும் அவரையும் விதையுங்கள். முளைப்பு விழுக்காடு, வேரின் நீளம், இலையின் நிறம் ஆகியவற்றை 10 நாட்கள் ஒப்பிட்டுப் பாருங்கள். முள்ளங்கி உப்பையும் மட்காத உரத்தையும் உடனே காட்டிவிடும். அவரையின் இளம் இலைகள் கிண்ணம்போல் சுருண்டு தண்டு முறுக்கிக்கொண்டால், சேர்த்த உரத்தில் களைக்கொல்லியின் எச்சம் இருப்பதாகக் கொள்ள வேண்டும். களைக்கொல்லி தெளித்த புல்லைத் தின்ற மாட்டின் சாணத்தில் அமினோபைராலிட் போன்றவை தங்கும் என்பது அறியப்பட்ட ஒன்று. அந்த மண்ணில் புல்லினச் செடிகளை மட்டும் வளர்க்கலாம்.

படி 9: எதை நடுவது, மீதியை எப்படிச் சேமிப்பது

முன்பு தக்காளிக் குடும்பம் வளர்ந்த மண்ணில் அடுத்து அவரை வகையையோ கீரையையோ வைக்கலாம். கொடிக்காய்கள் வளர்ந்த மண்ணில் முட்டைக்கோசு, முள்ளங்கி வகையை வைக்கலாம். நூற்புழு இருந்த மண்ணில் வெண்டையையும் கொடிக்காய்களையும் தவிர்த்து, ஒரு பருவம் செண்டுமல்லியை நெருக்கமாக வளர்த்து அதன் வேரை மண்ணிலேயே விட்டால் நூற்புழு குறையும். விதை முளைக்கவைக்கும் தட்டுகளுக்குப் பழைய மண் வேண்டாம். முளைவேர் நாற்றழுகலுக்கு மிக எளிதில் இரையாகும் என்பதால் அதற்கு மட்டும் புதுக் கலவையைச் செலவிடுவது தகும்.

பல்லாண்டுச் செடிகளைப் பிடுங்க முடியாது. அவற்றின் மேல்மண்ணை வேர் காயப்படாமல் 3 முதல் 5 சென்டிமீட்டர் சுரண்டி எடுத்து, இந்தப் புதுப்பித்த மண்ணை நிரப்பி, நீரால் ஒருமுறை நன்கு கழுவி வடியவிடுங்கள். மண்மட்டம் மிகவும் தாழ்ந்து நீர் தேங்கத் தொடங்கினால் மேல்பூச்சு உதவாது. தொட்டி மாற்றியே ஆக வேண்டும்.

உடனே பயன்படாத மண்ணை ஓரளவு உலர்த்தி, மூடியுள்ள கலனிலோ தடித்த பையிலோ மழைபடாத நிழலில் வையுங்கள். ஈரமாகக் காற்றுப்புகாமல் கட்டினால் புளித்த நாற்றம் வரும். அப்படி வந்த மண்ணை நட்டுவிடாமல் பரப்பி இரண்டு மூன்று நாள் காற்றாடவிட்டால் சரியாகும். ஒவ்வொரு பையிலும் முன்பு வளர்ந்த செடி, கண்ட நோய், சோதனையில் கிடைத்த காற்றிடைவெளி விழுக்காடு, உரம் கலந்த தேதி ஆகிய நான்கையும் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை இந்தப் பையைத் திறக்கும்போது முதற்படியையும் மூன்றாம் படியையும் எங்கிருந்து தொடங்குவது என்பது அந்தச் சீட்டிலேயே இருக்கும்.